பெட்டியில் அச்சிடாத தேதி



கையில் இருக்கும் போனையே நெடுநாள் வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டால், அதற்குப் பிறகு அதில் உங்கள் வங்கிக் கணக்கை வைத்திருக்காதீர்கள். புது மாடல் எந்த மாதம் வெளிவருகிறது என்பதற்கும் உங்கள் முடிவுக்கும் சம்பந்தம் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி பார்ப்போம்.

போன் மாற்றுகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “ஸ்லோ ஆயிடுச்சு” என்பது. அடுத்த பதில், “சார்ஜ் நிக்க மாட்டேங்குது.” இவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல போன்களில் இரண்டுக்கும் ஒரே வேர் உண்டு: பேட்டரி. அது உலகத்துக்குத் தெரியவந்த கதை மிக முக்கியமானது.

போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனைக்குள் போய் அடைகின்றன. போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு தடவையும் துளி லித்தியம் கிராஃபைட்டின் மேல் படலமாகப் படிந்து அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நாளாக நாளாகப் படலம் தடிக்கிறது. அதனால் பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. இது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும். நமக்குத் தெரியாமல் நடக்கும் காரியம் இன்னொன்று: பேட்டரியின் உள்ளே மின்தடை கூடுகிறது. நீங்கள் கேமராவைத் திறக்கும் கணத்தில் புராசஸர் திடீரென்று நிறைய மின்னோட்டம் கேட்கும். தடை கூடிப்போன பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சட்டென்று சரியும், போன் அணைந்துவிடும். திரையில் முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் கண்ணெதிரே அணைவது இதனால்தான்.

2016-ஆம் ஆண்டுக் கடைசியில் ஐபோன் 6, 6எஸ் மாடல்கள் பல இடங்களில் இப்படி அணைந்தன. 2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.2.1 என்ற அப்டேட்டைக் கொடுத்தது. அணைவது குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று நிறுவனம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், பேட்டரியை மாற்றியதும் தன் பழைய ஐபோனின் வேகம் திரும்பிவிட்டது என்று ஒரு பயனர் சோதித்துச் சொன்னார். போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், தம்மிடம் குவிந்திருந்த அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். ஒரே மாடல் போன்கள், ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகு, பல வேக நிலைகளில் படி படியாகப் பிரிந்து நின்றன. பேட்டரி தளர்ந்த போன்களில் புராசஸரின் உச்ச வேகத்தை மென்பொருள் குறைத்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 28 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது. பிற்பாடு அமெரிக்காவில் பயனர்கள் தொடுத்த வழக்கை 50 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. பிரான்ஸ் அரசு 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

அபராதங்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் மனதில் ஆழமாகப் பதிந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு கடிதம். 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதினார். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று சொல்லி, காரணங்களை அடுக்கினார். சீனப் பொருளாதாரம் ஒரு காரணம். டாலரின் மதிப்பு இன்னொன்று. அந்த வரிசையில், குறைந்த கட்டணத்தில் மக்கள் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் சேர்த்திருந்தார். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். பேட்டரி மாற்றுவது மலிவானபோது புதுப் போன் வாங்க நினைத்திருந்தவர்களில் கணிசமானவர்கள் வாங்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பேட்டரி மட்டுமே. “என் போன் பழசாகிவிட்டது” என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு பேட்டரி பழசானது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. விற்றவரே கையெழுத்திட்டுக் கொடுத்த சாட்சி.

போன் ஸ்லோ ஆவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள் சேமிப்பு நிரம்பிவிட்டால் எந்தப் போனும் தடுமாறும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை நீக்கிப் பார்க்காமல் போனைக் குறை சொல்லக் கூடாது.

பேட்டரிக்கு வயதைக் கூட்டுவது வெப்பம். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது அதன் கையேடு. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுப் போனால் அதைவிட எவ்வளவோ கூடும். நூறு சதவீதம் ஏற்றி இரவு முழுக்கச் செருகியே வைப்பதும், அந்தச் சூட்டோடு தலையணைக்கு அடியில் வைப்பதும் பேட்டரியின் ஆயுளைத் தின்னும். இப்போது பல போன்களில் எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

இங்கே உணவு விநியோகம் செய்யும் தம்பிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர்களுடைய போன் பைக்கின் ஹேண்டில்பாரில் நேர் வெயிலில் நாள் முழுக்க நிற்கிறது. ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரை அணைவதில்லை, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. பேட்டரிக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. போதாக்குறைக்கு பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவைப் பாதிக்கும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று, நான்கு ஆண்டு உழைக்கும் பேட்டரி அவர்களுக்கு அவ்வளவு நாள் உழைக்காது. போனை நெடுநாள் வைத்திருங்கள் என்ற என் அறிவுரை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு போன் என்பது தொழில் கருவி. அந்தத் தேய்மானத்தின் செலவை வேலை கொடுக்கிற நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேட்டரி மாற்றுவதில் ஓர் அச்சம் உண்டு: கடையில் போலி போட்டுவிட்டால்? நியாயமான அச்சம்தான். சென்னை ரிச்சி தெருவில் “ஒரிஜினல்” என்று சொல்லாத கடையே கிடையாது. நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் சென்டர் ஊரில் இருந்தால் அங்கே போங்கள், சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. வெளிக் கடை என்றால், பழைய பேட்டரியைத் திரும்பக் கேளுங்கள், பில் கேளுங்கள், புதியதில் இந்திய தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையையும் போலியாக அச்சிட முடியும், ஆனாலும் பார்த்துக் கேட்கிறவரிடம் கடைக்காரர் கவனமாக இருப்பார். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதை அழுத்தி மூட முயற்சி செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

சரி, பேட்டரியை மாற்றிவிட்டோம், போன் ஓடுகிறது. எத்தனை ஆண்டு ஓட்டலாம்? இதை முடிவு செய்வது போனின் உடம்பல்ல, அதன் மென்பொருள்.

2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. ஒரு எம்எம்எஸ் செய்தி வந்து சேர்ந்தாலே போதும், நீங்கள் திறக்காவிட்டாலும், ஆண்ட்ராய்டு போனுக்குள் அந்நியன் நுழைய வழி இருந்தது. அதன் அதிர்ச்சியில்தான் அந்த ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியது. இன்றுவரை புதிது புதிதாக ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படுகின்றன. அடைத்ததைக் கூகுள் பகிரங்கமாக அறிவிக்கிறது. அப்டேட் வருகிற போனுக்கு அந்த அறிவிப்பால் கெடுதல் இல்லை. அப்டேட் வராத போனுக்கோ, அதே அறிவிப்பு திருடனுக்கு வழிகாட்டும் வரைபடம்.

ஏன் எல்லாப் போனுக்கும் அப்டேட் வருவதில்லை? கூகுள் எழுதுவது பொதுவான மென்பொருள். குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஏற்பத் திருத்திக் கொடுக்க வேண்டும். போன் நிறுவனம் அதை வாங்கி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகப் பொருத்திச் சோதிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் நடுவில் ஒருவர் கையை விட்டாலும் அதோடு நின்றுபோகும். போனை விற்ற அன்று நிறுவனத்துக்குப் பணம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு அப்டேட்டும் அதற்குச் செலவு. அதனால் விலை உயர்ந்த மாடலுக்குக் கொடுப்பார்கள், மலிவான மாடலைச் சீக்கிரம் கைகழுவுவார்கள். 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அதையே அறிவித்தது. இவையெல்லாம் அறிமுகமானபோது முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற போன்கள். எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு வந்த போன்களில் பலவற்றுக்கு இரண்டு ஆண்டுதான்.

நண்பர்களே, என்னை உறுத்துவது இதுதான். ஒரு போனை ஏழு ஆண்டு ஓட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கு? ஊரக வேலைத் திட்டச் சம்பளம் வங்கிக்கு வருகிற பெண்ணுக்கு. பூக்கடையில் ஜிபே அட்டை மாட்டியிருக்கும் அம்மாவுக்கு. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு. அவர்கள் வாங்குகிற போனின் ஆயுளைத்தான் நிறுவனங்கள் குறைத்து வைத்திருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் போனை மாற்றிவிடுகிற வசதிக்காரருக்கு ஏழு ஆண்டு உத்தரவாதம் கிடைக்கிறது. அவருக்கு அது தேவையே இல்லை.

மலிவான போனுக்கு நீண்ட அப்டேட் கொடுக்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2024-இல் இருபதாயிரம் ரூபாய்க்குள் வந்த சாம்சங் ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் ஒரு சிறு நிறுவனம். 2015 கடைசியில் விற்பனைக்கு வந்த தன் ஃபேர்ஃபோன் 2-க்கு 2023 மார்ச் வரை அப்டேட் கொடுத்தது, அதுவும் சிப் நிறுவனம் கைவிட்ட பிறகு தானே வேலை செய்து கொடுத்தது. மனம் இருந்தவர்களுக்கு முடிந்திருக்கிறது.

சட்டம் இருந்தால் மற்றவர்களுக்கும் முடியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்போம் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் போன் விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு மென்பொருள் அப்டேட்டும் ஏழு ஆண்டு உதிரி பாகங்களும் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 தடவை ஏறி இறங்கிய பிறகும் எண்பது சதவீதக் கொள்ளளவு மிஞ்சியிருக்க வேண்டும். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற தரக் குறியீட்டைப் பெட்டியோடு கொடுக்க வேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு வேண்டியது எளிமையான ஒரு காரியம். மருந்து அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. போன் பெட்டியிலும் அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்தில், பாதுகாப்பு அப்டேட் நிற்கும் மாதத்தையும் ஆண்டையும் அச்சிடச் சொல்ல வேண்டும். எட்டாயிரம் ரூபாய் போனிலும் அச்சிட வேண்டும். இந்தக் கூட்டம் ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரைக்கும் கடையில் நாமே கேட்க வேண்டியதுதான். “எத்தனை மெகாபிக்சல்?” என்று கேட்பதற்கு முன்னால், “இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்?” என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்துதான் நிறுவனம் கணக்கு வைக்கும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டு என்று சொன்னால் உங்களுக்கு மிச்சம் இரண்டுதான்.

பணக் கணக்கை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். பதினைந்தாயிரம் ரூபாய் போனை இரண்டரை ஆண்டில் மாற்றினால் மாதம் 500 ரூபாய் ஆகிறது. இருபத்துநான்காயிரம் ரூபாய் போனை வாங்கி, நடுவில் இரண்டாயிரத்து ஐந்நூறு செலவழித்து பேட்டரி மாற்றி, ஆறு ஆண்டு ஓட்டினால் மாதம் ஏறக்குறைய 368 ரூபாய். ஆனால் அந்த இருபத்துநான்காயிரத்தை மொத்தமாகப் புரட்ட முடியாதவர்கள்தான் இஎம்ஐ-க்குப் போகிறார்கள். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பூச்சிய சதவீத வட்டி என்ற ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ அந்த வட்டி ஒளிந்திருக்கும்.

சுற்றுச்சூழல் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாயிரம் எம்ஏஹெச் பேட்டரியைத் தினமும் முழுதாக ஏற்றினாலும் ஆண்டு முழுவதற்கும் பத்து யூனிட் மின்சாரம் ஆகாது. ஆகவே புதுப் போன் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்வதில் பொருளே இல்லை. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் கணக்குப்படியே, அதன் ஆயுட்காலக் கரிம வெளியீட்டில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குத் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. காங்கோவில் தோண்டும் கோபால்ட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிப்டில் நின்று பாகங்களைப் பூட்டும் நம் ஊர்ப் பெண்களின் உழைப்பு வரை எல்லாம் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே செலவாகிவிட்டது. நாம் அதை எத்தனை ஆண்டு பயன்படுத்துகிறோம் என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

எப்போது மாற்றத்தான் வேண்டும்? மதர்போர்டு பழுதாகிவிட்டால். உடைந்த திரையை மாற்றும் செலவு போனின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால். பார்வை மங்கியவருக்குப் பெரிய திரை, காது மந்தமானவருக்குக் கருவியோடு இணையும் வசதி தேவைப்பட்டால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிக் கொடுங்கள். 5ஜி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. பணம் அனுப்பவும், வீடியோ பேசவும், வரைபடம் பார்க்கவும் 4ஜி போதும்.

கடைசியாக, நம் வீடுகளில் இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மகன் புதுப் போன் வாங்குவான். அவனுடைய பழைய போன் அப்பாவுக்குப் போகும். அப்பாவிடம் இருந்தது அம்மாவுக்கு. அன்பில்தான் செய்கிறோம். ஆனால் என்ன நடக்கிறது? வீட்டிலேயே பழைய, அப்டேட் நின்றுபோன போன், வீட்டிலேயே எளிதில் ஏமாற்றக்கூடியவர் என்று மோசடிக்காரன் தேடுகிறவரின் கையில் இருக்கிறது. பென்ஷன் வரும் கணக்கும் அதே போனில். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற செயலிக் கோப்பு வரும். அதைத் தொட்டு, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், ஒரு செயலி உள்ளே போய் ஓடிபி-யை வாசிக்கத் தொடங்கும். புதிய ஆண்ட்ராய்டு இதற்குத் தடைகள் வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 13-இல் இருந்து, வெளியிலிருந்து வந்த இப்படிப்பட்ட செயலிகள் திரையைப் படிக்கும் அனுமதியைக் கேட்டால் போன் எளிதில் விடாது. பழைய பதிப்புகளில் அந்தத் தடை கிடையாது.

அதனால் வரிசையை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்டேட் அதிக நாள் வரப்போகும் போன் அம்மாவிடமும் அப்பாவிடமும் இருக்கட்டும். அது முடியாத வீட்டில், யுபிஐ பயன்படுத்தாத பெரியவர்கள் வங்கியில் பதிந்திருக்கும் எண்ணின் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஓடிபி அதில் வரும், ஏபிகே அதில் ஏறாது. பழைய ஸ்மார்ட்போனில் இருக்கும் வங்கிச் செயலியை நீக்கிவிட்டு, பாட்டு கேட்கவும் பேரனோடு வீடியோவில் பேசவும் வைத்துக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு அது இன்னும் பல ஆண்டு உழைக்கும். பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இப்போது உங்கள் போனை எடுத்து, செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற இடத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி அங்கே இருக்கும். ஓராண்டுக்கு மேல் பழசாக இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள், ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் கேள்விகளைக் கேட்கலாம்.